ஓட்டு எல்லோருக்கும் வந்தது, போட்டி வரவில்லை: வேல்ஸின் 1946 கவுன்டி தேர்தல்

1946 மார்ச்சில் வேல்ஸில் நடந்த கவுன்டி கவுன்சில் தேர்தல் முடிவுகளை இன்று எடுத்துப் பார்ப்பவர்களுக்கு முதலில் குழப்பம்தான் வரும். அதற்கு எட்டு மாதம் முன்பு, 1945 ஜூலையில், நாடாளுமன்றத் தேர்தலில் தொழிற்கட்சி (லேபர்) பெரும் வெற்றி பெற்றிருந்தது. வேல்ஸின் 36 தொகுதிகளில் 25 அதன் கைக்கு வந்தன. அந்த அலை உள்ளாட்சியிலும் தெரிய வேண்டும்தானே? தெற்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் தெரிகிறது. மேற்கிலும் வடக்கிலும் உள்ள விவசாயக் கவுன்டிகளுக்குப் போனால் பட்டியல் நெடுக "சுயேச்சை", "சுயேச்சை" என்றே வருகிறது. பல பெயர்களுக்கு எதிரே வாக்கு எண்ணிக்கையே இல்லை, "போட்டியின்றி" என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. போதாக்குறைக்கு, எந்த வாக்குச்சீட்டிலும் பெயர் வராத ஒரு கூட்டம் அதே கவுன்சிலில் உறுப்பினர்களாக உட்கார்ந்து தீர்மானங்களுக்கு ஓட்டும் போட்டது.

இந்த மூன்று புதிர்களையும் அவிழ்க்காமல் "யார் ஜெயித்தார்கள்" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எனக்குப் படுவது இதுதான்: அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, எங்கெல்லாம் தேர்தலே நடக்கவில்லை என்பதுதான் பெரிய செய்தி.

## கவுன்டி கவுன்சில் என்றால் என்ன

1888-ம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம்தான் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்டி கவுன்சில்களைக் கொடுத்தது. அதுவரை கவுன்டி நிர்வாகம் கௌரவ நீதிபதிகளாக இருந்த நிலக்கிழார்களின் கையில் இருந்தது. 1889 ஜனவரியில் முதல் தேர்தல். மான்மத்ஷயரையும் சேர்த்து வேல்ஸில் 13 கவுன்டிகள். (மான்மத்ஷயர் வேல்ஸைச் சேர்ந்ததா, இங்கிலாந்தைச் சேர்ந்ததா என்பது சட்டத்தில் நெடுநாள் இழுபறி. அதனால் அரசு ஆவணங்கள் "வேல்ஸும் மான்மத்ஷயரும்" என்றே எழுதிவந்தன.)

அந்த முதல் தேர்தலிலேயே நிலக்கிழார்கள் தூக்கி எறியப்பட்டார்கள். பிரெக்னாக்ஷயர் தவிர எல்லாக் கவுன்டிகளும் லிபரல் கட்சியிடம் போயின. குத்தகை விவசாயி, கடைக்காரர், சேப்பல் (ஆங்கிலிகன் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்ட் சபை) போதகர் என்று புதிய ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிற்காலத்தில் பிரதமரான லாயிட் ஜார்ஜ் அப்போது 26 வயது வழக்கறிஞர். கெர்னார்வன்ஷயர் கவுன்சில் அவரை ஆல்டர்மன் ஆக்கியது. ஆல்டர்மன் என்றால் யார் என்பதற்குப் பிறகு வருவோம், அது தனிக் கதை.

அமைப்பைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1. பெரிய நகரங்கள் இதில் சேராது. கார்டிஃப், சுவான்சி, நியூபோர்ட், மெர்தர் டிட்வில் ஆகிய நான்கும் "கவுன்டி பரோ" என்ற தனி அந்தஸ்து பெற்றவை. கவுன்டி கவுன்சிலுக்கு அங்கே அதிகாரம் கிடையாது, அங்கே வசிப்பவர்களுக்குக் கவுன்டி தேர்தலில் ஓட்டும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், கிளமோர்கன் கவுன்டி கவுன்சிலின் தலைமையகம் கார்டிஃபின் கேத்தேஸ் பார்க்கில் இருந்தது. அதாவது, தன் அதிகாரம் செல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அது கவுன்டியை நிர்வகித்தது. மான்மத்ஷயர் கவுன்சிலும் அப்படித்தான், நியூபோர்ட்டில் கூடியது.

2. கவுன்டிக்குக் கீழே இன்னொரு தட்டு உண்டு. சிறு நகரங்கள், நகர்ப்புற வட்டங்கள், கிராமப்புற வட்டங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கவுன்சில்கள் இருந்தன. வீடு கட்டுவதும் குப்பை அள்ளுவதும் அவற்றின் வேலை. பள்ளிக்கூடம், முக்கியச் சாலைகள் போன்றவை கவுன்டியின் வேலை. போலீஸ் நிர்வாகம் பாதி கவுன்சிலர்களும் பாதி நீதிபதிகளும் கொண்ட ஒரு கூட்டுக் குழுவிடம் இருந்தது. "ரேட்ஸ்" என்ற சொத்துவரியை மக்களிடம் வசூலிப்பது கீழ்த்தட்டுக் கவுன்சில். கவுன்டி தனக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். செலவு செய்பவர் ஒருவர், வரி நோட்டீஸில் பெயர் வருவது இன்னொருவருக்கு. கோபம் யார்மேல் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

3. கவுன்டிகளின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ராட்னர்ஷயரின் மக்கள்தொகை சுமார் 20,000. கவுன்டி பரோக்களை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் கிளமோர்கனில் 7 லட்சம் பேருக்கு மேல். கிளமோர்கனுக்குள் வட்டக் கவுன்சிலாக இருந்த ரோண்டாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். சட்டத்தின் பார்வையில் ராட்னர்ஷயரும் கிளமோர்கனும் ஒரே வகைக் கவுன்சில்கள், ஒரே பொறுப்புகள்.

அந்தக் காலத்தில் ஒரு கவுன்சிலின் பலத்தை "ஒரு பென்னி ரேட்" எவ்வளவு தரும் என்று அளப்பார்கள். சொத்தின் மதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பென்னி வரி போட்டால் மொத்தம் எவ்வளவு சேரும் என்ற கணக்கு அது. ஆடு மேயும் மலைக் கவுன்டியில் அந்த ஒரு பென்னி எதற்கும் காணாது. 1948-ல் சட்டம் திருத்தப்பட்டு, வரி வருவாய் குறைந்த கவுன்சில்களுக்கு அரசு ஈடுகட்டும் மானியம் வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது.

## ஒன்பது வருடம் தேர்தல் இல்லை

கவுன்டி கவுன்சிலர்களின் பதவிக்காலம் மூன்று வருடம். எல்லோரும் ஒரே நேரத்தில் பதவி விலகி, ஒரே நேரத்தில் தேர்தல் நடக்கும். 1937-ல் நடந்தது. அடுத்தது 1940-ல் வந்திருக்க வேண்டும். 1939-ல் போர் தொடங்கியதும் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்துச் சட்டம் போட்டார்கள். கவுன்சிலர் யாராவது இறந்தாலோ விலகினாலோ, கவுன்சிலே கூடி ஒருவரை நியமித்துக்கொள்ளும். அப்படியே 1946 வரை போனது.

போர்க்காலத்தில் தேர்தலை ஒத்திவைப்பது புரிகிறது. ஆனால் அந்த ஒத்திவைப்பு எதை விழுங்கியது என்று பார்க்க வேண்டும்.

1939 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளிவந்தது. வேல்ஸில் காசநோய்த் தடுப்பு எப்படி நடக்கிறது என்று ஆராய, மான்ட்கமரிஷயரின் நாடாளுமன்ற உறுப்பினர் கிளமென்ட் டேவிஸ் தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கை அது. இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துக் கவுன்டிகளைக் காசநோய்ச் சாவு விகிதப்படி வரிசைப்படுத்தினால், உச்சியில் நின்றவை வேல்ஸ் கவுன்டிகள். அதிலும் சுரங்கப் புகை சூழ்ந்த தெற்கு மட்டுமல்ல, சுத்தமான காற்று வீசும் வடமேற்கின் கிராமக் கவுன்டிகளும் முன்வரிசையில் இருந்தன. காரணமாக அறிக்கை சுட்டியது ஈரம் ஊறிய வீடுகளை, மோசமான பள்ளிக் கட்டடங்களை. எல்லாவற்றுக்கும் மேலாக, வரி ஏறிவிடும் என்று பயந்து சட்டம் கொடுத்த அதிகாரத்தையே பயன்படுத்தாமல் கைகட்டி உட்கார்ந்திருந்த உள்ளாட்சி மன்றங்களை அது கடுமையாகச் சாடியது.

சாதாரணமாக, இப்படி ஓர் அறிக்கை வந்து ஒரு வருடத்தில் தேர்தல் வந்தால் கவுன்சிலர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். 1940 தேர்தல் நடக்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் ஆறு வருடம் அதே நாற்காலியில் இருந்தார்கள். 1946-ல் வாக்காளர் முன் வந்தபோது உலகமே மாறியிருந்தது, அறிக்கை பழைய காகிதமாகியிருந்தது. அதைவிட மோசம், அந்த அறிக்கை குறை சொன்ன கிராமக் கவுன்டிகளில்தான் போட்டியின்றித் தேர்வாகும் பழக்கமும் ஆழமாக வேரூன்றியிருந்தது.

## யாருக்கெல்லாம் ஓட்டு

1937 வரை நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு வாக்காளர் பட்டியல், உள்ளாட்சிக்கு வேறொன்று. நாடாளுமன்றத்துக்கு 1928 முதல் 21 வயது நிரம்பிய எல்லோரும் ஓட்டுப் போடலாம். உள்ளாட்சியில் அப்படி இல்லை. வீட்டையோ நிலத்தையோ தன் பெயரில் வைத்திருப்பவர் அல்லது வாடகைக்கு எடுத்தவர், அப்புறம் அவருடைய மனைவி அல்லது கணவர், அவ்வளவுதான். வரி கட்டும் வீட்டுக்காரரின் சபை இது என்ற பழைய எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது.

இதன் பொருள் நடைமுறையில் என்ன? ரோண்டாவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போடலாம். அதே வீட்டில் இருந்து தினமும் சுரங்கத்துக்கு இறங்கும் 25 வயது மகனுக்கு ஓட்டு இல்லை. கடையில் வேலை செய்யும் மகளுக்கு இல்லை. அறைகலன் போட்ட அறையில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக்கும் இல்லை. பண்ணையில் தங்கி வேலை பார்க்கும் ஆளுக்கும் இல்லை.

1945-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இந்தச் சுவரை இடித்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டு உள்ளவர் எல்லோருக்கும் உள்ளாட்சியிலும் ஓட்டு. கவுன்டி கவுன்சில் தேர்தலைப் பொறுத்தவரை இந்தப் புதிய பட்டியலோடு நடந்த முதல் தேர்தல் 1946 தான். ஒன்பது வருடத்தில் 21 வயதைத் தாண்டிய ஒரு தலைமுறையும், அதுவரை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஊரில் கடை வைத்திருந்து வேறு இடத்தில் வசிப்பவருக்கான தொழில் ஓட்டு மட்டும் விட்டகுறையாக 1969 வரை நீடித்தது.

சரி, இவ்வளவு பேருக்கு ஓட்டு வந்ததே, அதைப் போட வாய்ப்பு வந்ததா?

## "சுயேச்சை" யார், "போட்டியின்றி" ஏன்

முதலில் வாக்குச்சீட்டை மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். அதில் வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில் இருக்கும். கட்சிப் பெயர் இருக்காது. வாக்குச்சீட்டில் கட்சியைக் குறிப்பிட 1969 சட்டம் வந்த பிறகுதான் இடம் கிடைத்தது. ஆகவே 1946 முடிவுப் பட்டியலில் "தொழிற்கட்சி", "லிபரல்", "சுயேச்சை" என்றெல்லாம் இருப்பது செய்தித்தாள்களும் பிற்கால ஆய்வாளர்களும் சேர்த்தது. தெற்கில் அது துல்லியமாகவே இருக்கும், ஏனென்றால் தொழிற்கட்சி வேட்பாளர் தன்னை அப்படித்தான் ஊரறிய அறிவித்துக்கொண்டார். கிராமக் கவுன்டிகளில் ஒரே ஆளை ஒரு பத்திரிகை லிபரல் என்றும் இன்னொன்று சுயேச்சை என்றும் எழுத வாய்ப்புண்டு. அங்கே கட்சிவாரியான எண்ணிக்கையை நான் ஓரளவுக்குமேல் நம்புவதில்லை.

இந்தச் சுயேச்சைகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல. 1889 தொடங்கி முதல் உலகப் போர் வரை வேல்ஸ் கவுன்டி அரசியல் ஒரே அச்சில் சுழன்றது: ஆங்கிலிகன் திருச்சபையா, சேப்பலா? திருச்சபைப் பள்ளிகளுக்கு உள்ளூர் வரிப்பணம் தரச் சொன்ன 1902 கல்விச் சட்டத்தை எதிர்த்து லிபரல் கவுன்சில்கள் முரண்டு பிடித்தன. 1904 தேர்தலில் 13 கவுன்டிகளையும் லிபரல்களே பிடித்தார்கள். பிறகு 1920-ல் வேல்ஸில் திருச்சபையின் அரசு அந்தஸ்து நீக்கப்பட்டதும் அந்தச் சண்டைக்கான காரணமே போய்விட்டது. ஆட்கள் மாறவில்லை, அதே விவசாயி, அதே போதகர், அதே கடைக்காரர், அதே டாக்டர். கட்சிப் பட்டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்கள். "கவுன்சிலில் கட்சி அரசியல் வேண்டாம்" என்பது அவர்களின் கொள்கையானது. அதுவும் ஒருவகைக் கட்சி அரசியல்தான் என்று தொழிற்கட்சிக்காரர்கள் திருப்பிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

போட்டி ஏன் எழவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்தன.

1. தொகுதிகள் சிறியவை, ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான். சில கிராமங்கள் சேர்ந்த இடத்தில் பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்பது, ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பக்கத்தில் உட்காரும் ஆளை எதிர்த்து நிற்பது.

2. கவுன்சிலர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. கூட்டம் பகலில், கவுன்டியின் தலைநகரில். கூலி வேலை செய்பவர் ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. வருமான இழப்புக்கு ஈடுதரும் ஏற்பாடு 1948 சட்டத்தில்தான் வந்தது. 1946-ல் நிற்க நினைத்த பண்ணைத் தொழிலாளிக்கு அது உதவவில்லை.

3. போட்டி வந்தால் செலவு. வாக்குச்சாவடி, அச்சு, ஆட்கள், எல்லாம் வரிப்பணம். போட்டியில்லாமல் முடித்தால் கவுன்டிக்கு மிச்சம் என்ற வாதம் வரிக்குப் பயந்த ஊரில் நன்றாக எடுபட்டது.

தெற்கிலும் போட்டியின்றித் தேர்வுகள் உண்டு, ஆனால் காரணம் வேறு. கிளமோர்கனில் தொழிற்கட்சி முதல் உலகப் போர் முடிந்ததுமே மேலெழுந்து, பிறகு அசைக்க முடியாத பெரும்பான்மையாகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் சங்கக் கிளையும் கட்சிக் கிளையும் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இரவில்தான் உண்மையான தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு நடந்த பொது வாக்கெடுப்பு பல இடங்களில் சம்பிரதாயம். எதிர்ப்பு வந்தால் வலதுபுறத்திலிருந்து வராது. 1945-ல் ரோண்டா கிழக்கு நாடாளுமன்றத் தொகுதியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஹாரி பாலிட்டைத் தொழிற்கட்சி தோற்கடித்தது வெறும் 972 ஓட்டில். பள்ளத்தாக்குகளில் போட்டி என்றால் அந்தத் திசையில்தான்.

ஆக, சேப்பலும் சங்கமும் வெவ்வேறு உலகங்கள் என்றாலும் வாக்காளரைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். முடிவு வேறு எங்கோ, சின்ன அறையில் எடுக்கப்பட்டது.

## ஆல்டர்மன் கணக்கு

சென்னை மாநகராட்சியிலும் ஒரு காலத்தில் ஆல்டர்மன்கள் இருந்தார்கள், மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பிரிட்டிஷ் கவுன்டியில் அவர்களின் பலம் எப்படி வேலை செய்தது என்பதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். 1889-ல் கார்டிகன்ஷயர் கவுன்சில் தொடங்கியபோது இருந்த அளவையே எடுத்துக்கொள்வோம்.

1. மக்கள் தேர்ந்தெடுப்பது 48 கவுன்சிலர்களை.

2. மூன்று கவுன்சிலருக்கு ஓர் ஆல்டர்மன் என்பது விதி. ஆகவே 16 ஆல்டர்மன்கள். இவர்களைத் தேர்ந்தெடுப்பது மக்கள் அல்ல, கவுன்சில். மொத்தம் 64 உறுப்பினர்கள்.

3. ஆல்டர்மனின் பதவிக்காலம் ஆறு வருடம், கவுன்சிலருக்கு இருப்பதைப்போல் இரு மடங்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாதிப்பேர், அதாவது 8 பேர், விலகுவார்கள். மீதி 8 பேர் தேர்தல் முடிவு எப்படி இருந்தாலும் தொடர்வார்கள்.

4. இப்போது ஓர் அணி 48-ல் 25 இடம் பிடிக்கிறது, எதிரணிக்கு 23. வித்தியாசம் இரண்டுதான். முதல் கூட்டத்தில் 25 பேரும் ஒன்றாகக் கைதூக்கினால் புதிய 8 ஆல்டர்மன்களும் அவர்களுடைய ஆட்கள். 33 ஆகிவிட்டது.

5. தொடரும் 8 பேர் எதிரணிக்காரர்களாக இருந்தால் 33-க்கு 31. தன் அணிக்காரர்களாக இருந்தால் 41-க்கு 23. வாக்காளர் கொடுத்த தீர்ப்பு இரண்டிலும் ஒன்றே. கவுன்சில் மட்டும் வேறு வேறு.

இது ஏட்டுக்கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1949-ல் லண்டன் கவுன்டி கவுன்சிலில் (அங்கே ஆல்டர்மன் விகிதம் வேறு) தொழிற்கட்சிக்கு 64, கன்சர்வேட்டிவ்களுக்கு 64, லிபரலுக்கு 1 என்று முடிவு வந்தது. அதிகாரம் தொழிற்கட்சியிடமே நின்றது, ஆல்டர்மன்களின் புண்ணியத்தில்.

இன்னொரு சூட்சுமம். பெரும்பாலும் பதவியில் இருக்கும் கவுன்சிலரையே ஆல்டர்மன் ஆக்குவார்கள். அவருடைய தொகுதி காலியாகி, உடனே இடைத்தேர்தல் வரும். அதனால் பொதுத்தேர்தல் நாளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கவுன்சிலின் நிறத்தை முடிவு செய்தால் தவறு நேரும், சில வாரம் கழித்து எண்ண வேண்டும். தோற்றுப்போன மூத்த உறுப்பினரைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவரவும் இந்தப் பதவி பயன்பட்டது. அனுபவசாலிகளைக் காப்பாற்றும் ஏற்பாடு என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். சில நேரம் அது உண்மையும்கூட: கிளமோர்கன் கவுன்சிலின் முதல் பெண் உறுப்பினராக 1925-ல் நுழைந்த ரோஸ் டேவிஸ், 1949-ல் அதன் முதல் பெண் தலைவரானார், அப்போது அவர் ஆல்டர்மன். ஆனால் போட்டியே இல்லாமல் மூன்று வருடம் ஒருவர், மக்களிடம் ஓட்டே கேட்காமல் ஆறு வருடம் இன்னொருவர் என்றால், 1939 அறிக்கை போன்ற ஒன்றுக்கு யார்தான் பதில் சொல்வது?

## ஜெயித்தவர்களுக்கு என்ன கிடைத்தது

1946-ல் ஜெயித்தவர்கள் அடுத்த மூன்று வருடத்தில் தங்கள் மேசையில் இருந்த கோப்புகள் பாதி மாறியதைப் பார்த்தார்கள்.

வந்தவை: 1944 கல்விச் சட்டத்தின் முழுப் பொறுப்பு. கட்டாயப் பள்ளி வயது 1947 ஏப்ரலில் 15 ஆனதால் ஒரு வகுப்பு முழுவதற்கும் புதிதாக இடமும் ஆசிரியரும் தேட வேண்டியிருந்தது. 1947 சட்டப்படி நில உபயோகத் திட்ட அனுமதி. போரின்போது தேசிய மயமான தீயணைப்பு 1948-ல் திரும்பி வந்தது. அதே வருடம் ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பு.

போனவை: மருத்துவமனைகள் 1948 ஜூலை 5 அன்று தேசியச் சுகாதார சேவைக்குப் போயின. ஏழைகளுக்கான உதவித்தொகையும் அதே நாளில் மத்திய அரசின் கைக்குப் போனது. காசநோய் மருத்துவமும் இதில் அடக்கம். 1939-ல் எந்த வேலைக்காகக் குட்டு வாங்கினார்களோ, அதற்கு வாக்காளர் மதிப்பெண் போடும் முன்பே அந்த வேலை கையைவிட்டுப் போனது.

மருத்துவமனைகளை எடுத்துச் சென்ற சுகாதார அமைச்சர் யார்? அனைரின் பெவன். டிரெடிகர் ஊரில் வட்டக் கவுன்சிலராகத் தொடங்கி, 1928-ல் மான்மத்ஷயர் கவுன்டி கவுன்சிலரானவர். போர்க்காலத்தில் நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன ஒரு கதை உண்டு. அதிகாரம் கவுன்சிலில் இருக்கிறது என்று கேட்டு வட்டக் கவுன்சிலுக்குப் போனாராம், அது கவுன்டிக்குப் போய்விட்டது என்றார்களாம். கவுன்டிக்குப் போனால் அங்கிருந்தும் நழுவி, தெருமுனையில் அதன் கோட்டு வால் மறைவதைத்தான் பார்த்தாராம். அந்த மனிதரே 1946-ல் சட்டம் கொண்டுவந்து கவுன்டிகளின் மருத்துவமனைகளைப் பிடுங்கினார் என்பது முரண்போலத் தெரியலாம். எனக்கு அது அவருடைய கதையின் நேரடி முடிவாகவே படுகிறது: 20,000 பேர் கொண்ட கவுன்டியின் பென்னி ரேட்டில் நல்ல மருத்துவமனை நடத்த முடியாது என்பது கவுன்சிலராக இருந்தவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

## சுயேச்சை ஆங்கிள்சீ, தொழிற்கட்சிக் கிளமோர்கன்

கட்சிப் பெயரை வைத்துக் கொள்கையை ஊகிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கல்வியில் இருக்கிறது.

11 வயதில் தேர்வு வைத்து, தேறியவர்களை இலக்கணப் பள்ளிக்கும் (மேற்படிப்புக்குத் தயார்செய்யும் "கிராமர் ஸ்கூல்") மற்றவர்களை வேறு பள்ளிக்கும் அனுப்பும் முறை அப்போது பரவலாக இருந்தது. தேர்வே இல்லாமல் எல்லோரையும் ஒரே பள்ளியில் சேர்க்கும் "காம்ப்ரிஹென்சிவ்" முறை இடதுசாரிக் கோரிக்கையாகவே பேசப்பட்டது. அதை முதலில் முழுமையாகச் செயல்படுத்திய கல்வி நிர்வாகம் எது? சுயேச்சைகள் நிறைந்த ஆங்கிள்சீ தீவு. 1949-ல் ஹோலிஹெட்டில் தொடங்கி, 1953-க்குள் கவுன்டி முழுவதும் அந்த முறைக்கு வந்துவிட்டது. புரட்சி மனப்பான்மை ஒன்றும் இல்லை, பிள்ளைகள் குறைவு. இரண்டு மூன்று வகைப் பள்ளிகளைத் தனித்தனியாக நடத்துவது அந்தத் தீவுக்குக் கட்டுப்படியாகாது.

கிளமோர்கனோ, தொழிற்கட்சிக் கோட்டை. ரயில் எஞ்சின் ஓட்டுநராக இருந்த லெவெலின் ஹேகாக் 1944 முதல் 1974 வரை அதன் கல்விக் குழுத் தலைவர். அங்கே இலக்கணப் பள்ளிகள் நெடுங்காலம் நீடித்தன. சுரங்கத்திலிருந்து மகனை மேலே கொண்டுவரும் ஏணி அந்தப் பள்ளிதான் என்று தொழிலாளர் குடும்பங்களே நம்பின. அதை எடுக்கத் தொழிற்கட்சிக் கவுன்சிலர்களுக்கு மனம் வரவில்லை.

வேல்ஷ் மொழிவழிப் பள்ளிகளும் அப்படித்தான். ஒரு கல்வி நிர்வாகம் தானே தொடங்கிய முதல் வேல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியைக் கார்மார்தன்ஷயர் கவுன்சில் 1947 மார்ச் 1-ல் லனெல்லியில் திறந்தது. 1946-ல் தேர்வான கவுன்சில் அது. முதல் வேல்ஷ் வழி உயர்நிலைப் பள்ளி 1956-ல் பிளின்ட்ஷயரில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய கவுன்டியில் வந்தது. தேசியவாதிகள் இதில் எங்கே? பிளைட் கம்ரி கட்சியின் தலைவர் க்வின்ஃபர் எவன்ஸ் 1949-ல் கார்மார்தன்ஷயர் கவுன்சிலுக்குத் தேர்வானார். நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்கு முதல் இடம் கிடைக்க இன்னும் 17 வருடம் ஆனது, அதே கார்மார்தனில்.

## கவுன்டியின் சொல் செல்லாத இடம்

1947 சட்டம் கவுன்டிகளைத் திட்ட அனுமதி அதிகாரிகளாக்கியது என்று பார்த்தோம். அந்த அதிகாரத்தின் உயரம் என்ன என்பது பத்து வருடத்தில் தெரிந்தது. மெரியனெத்ஷயரில் டிரிவெரின் பள்ளத்தாக்கை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்ட லிவர்பூல் மாநகராட்சி விரும்பியது. உள்ளூர் அனுமதிக்குக் காத்திருக்காமல் நேராக நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவந்து, 1957-ல் சட்டமாக்கிக்கொண்டது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. காப்பெல் கெலின் கிராமம் தண்ணீருக்குள் போனது, 1965-ல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது.

1972 சட்டம் 13 கவுன்டிகளையும் நான்கு கவுன்டி பரோக்களையும் கலைத்து, 1974 முதல் எட்டுக் கவுன்டிகளும் 37 மாவட்டங்களும் ஆக்கியது. ஆல்டர்மன் பதவி ஒழிந்தது. மான்மத்ஷயர் சட்டப்படி வேல்ஸுக்குள் வந்தது. 1996-ல் அதுவும் போய் ஒரே தட்டில் 22 கவுன்சில்கள்.

போட்டியின்றித் தேர்வு மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அசையவில்லை. 2022 மே மாதம் நடந்த தேர்தலில்தான் வேல்ஸ் உள்ளாட்சியில் முதன்முறையாக 16 வயதினருக்கும் ஓட்டு இருந்தது. அதில் 74 கவுன்சிலர்கள் எதிராளி இல்லாமலே பதவிக்கு வந்தார்கள். பழைய கெர்னார்வன்ஷயர், மெரியனெத்ஷயரின் பெரும்பகுதிகளைக் கொண்ட குவினெத் கவுன்சிலில் மட்டும் 69 இடங்களில் 28.